முறைத் தண்ணீர்

இருபது ஆண்டுகளாக என் சட்டைப்பையில் குடியிருக்கும் கைபேசி ஒன்று உண்டு. நோக்கியா நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 1100 என்னும் வகையைச் சேர்ந்தது அது. மதுரை டவுன்ஹால் சாலையில் ஒரு கடையில் 2005ஆம் ஆண்டில் அதனை வாங்கினேன். கைக்கு அடக்கமானது, தூசி புகாவண்ணம் ஒரே உறையால் மூடப்பெற்ற விசைகளை உடையது, தலையில் சிறு கைவிளக்கு ஒன்றும் வைக்கப்பெற்றது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களையும், புழுதி பறக்கும் சாலைகளையும் மனத்திற்கொண்டு அமைத்த கருவி என்பது பார்த்த அளவிலேயே விளங்கும். உலகெங்கும் 25 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது விற்றது என்றால், அதன் பெருமையை நான் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் என் பேரனுக்கு அதன்மேல் மதிப்பு இல்லை. "தாத்தா, இது பேச மட்டுந்தானே செய்கிறது!" என்பான். "பேசுவதற்குத்தானே அப்பா இதனை வாங்கினேன்" என்று நானும் விடையிறுப்பேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டியில் நீர் முகக்கக் குனிந்தபோது, அக்கைபேசி நழுவி உள்ளே விழுந்துவிட்டது. வெயிலில் உலர்த்தினேன், அரிசிப் பானைக்குள் ஒருநாள் முழுதும் புதைத்தும் வைத்தேன். உயிர் வரவில்லை. புதியதொன்று வாங்கித் தருவதாக மகன் கூறினான். நான் இசையவில்லை. மறுநாள் பேருந்து ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கி, கடை கடையாக ஏறி இறங்கினேன். நான்கு கடைக்காரர்கள் அதனைக் கையில் வாங்கவும் இல்லை. "பெரியவரே, இதற்கெல்லாம் இப்போது யார் பழுது பார்க்கிறார்கள்?" என்று சிரித்தனர்.

ஐந்தாவது கடை ஒரு சந்தினுள் மாடிப்படியின் அடியில் இருந்தது. கடை என்பதைவிடப் பொந்து என்பது பொருந்தும். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, நாற்பது வயதைக் கடந்த ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தவர் உடனே எழுந்து நின்றார்.

"வணக்கம் ஐயா. என்னைத் தெரிகிறதா? பத்தாம் வகுப்பில் தங்களிடம் தமிழ் பயின்றவன்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். எத்தனை முகங்களை நினைவிற் கொள்வது? "தெரியாமல் என்ன தம்பி!" என்றேன். ஆசிரியர்கள் சொல்லும் சிறு பொய்களுள் இதுவும் ஒன்று.

அவர் என் கைபேசியை இரு கைகளாலும் வாங்கினார். திருகுகளைக் கழற்றி மூடியைப் பிரித்து, மென்தூரிகையால் உள்ளே படிந்திருந்த பாசியைத் துடைத்தார். விட்டுப்போன ஓர் இணைப்பை ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். அதனைக் கண்டதும் என் மனம் யாப்பிலக்கணத்திற்குச் சென்றுவிட்டது. பொற்கொல்லர் இரு துண்டுகளை ஒட்டுவதற்கு இடும் பொடிக்குப் பற்றாசு என்று பெயர். வெண்பாவில் தனிச்சொல்லை முன்னுள்ள சீரோடு ஒட்டுவதற்கு வரும் அசையை ஆசு என்று நம் முன்னோர் வழங்கியதும் அதுபற்றியே. இதனை நான் சொல்லவும் அவர் சிரித்து, "வகுப்பிலும் இதைச் சொன்னீர்கள் ஐயா" என்றார்.

கைபேசியின் உள்ளுறுப்புகள் மிகச் சில என்பது எனக்கு வியப்பாக இருந்தது. விரல் நகத்தின் அளவுள்ள இரண்டு மூன்று சில்லுகளே உள்ளே இருந்தன. "இவ்வளவுதானா? இதை வைத்துக்கொண்டா இது நாள் முழுதும் வேலை செய்கிறது?" என்று கேட்டேன்.

"பொருள் சிறிதுதான் ஐயா. ஆனால் உள்ளே இருந்து ஆட்சி செய்யும் நிரல் கெட்டிக்காரத்தனமானது. அதற்கு நிகழ்நேர இயங்குதளம் என்று பெயர். கணிப்பொறியில் உள்ள இயங்குதளம் ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் போதும். இதுவோ சரியாகவும் செய்ய வேண்டும். குறித்த நேரத்திற்குள்ளும் செய்ய வேண்டும். நேரம் தவறி வந்த சரியான விடை இதற்குத் தவறான விடையே. தாங்கள் வகுப்பில் சொல்வீர்களே, 'காலந்தாழ்ந்த விடை விடையன்று' என்று? அதுவேதான்."

நான் அவ்வாறு சொல்வது உண்மை. என் வாக்கு ஒரு பொறியியல் விதியாக விளங்குகிறது என்று கேட்டு உள்ளூர மகிழ்ந்தேன். அவர் எதனை எண்ணி அதனைக் கூறினார் என்பதை அப்போது நான் அறியவில்லை.

நிகழ்நேரம் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது வினைத்தொகை. நிகழ்ந்த நேரம், நிகழ்கின்ற நேரம், நிகழும் நேரம் என முக்காலத்திற்கும் விரிந்து நிற்கும். இப்பொறிக்கோ மூன்று காலங்களுள் இடையில் உள்ள ஒன்றே உரியது. சொல்லை ஆக்கியவர் இதனை எண்ணினாரோ, இலரோ! குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை; சொல் வழக்கில் வேரூன்றிவிட்டது; வாழட்டும்.

காலத்தை நுணுகி அளப்பது நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் எழுத்தின் ஒலியளவைக் கண்ணிமைக்கும் பொழுதாலும், கை நொடிக்கும் பொழுதாலும் அளந்து மாத்திரை என்றார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்திற்குக் கால் என்று பகுத்த பகுப்பினும் நுண்ணிது வேண்டுமோ என்று இறுமாந்திருந்தவன் நான். பாசறையில் வேந்தனுக்குப் பொழுது அளந்து கூறும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிலும் காண்கிறோம். ஆனால் இக்கைபேசி அளக்கும் பொழுதைக் கேட்டபோது என் இறுமாப்பு அடங்கியது.

ஒரு கோபுரத்தின் ஒரே அலைவரிசையை எட்டுக் கைபேசிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எட்டுப் பேரும் ஒரே வேளையில் பேசினால் கூச்சலாகிவிடும் அன்றோ? ஆகவே நேரத்தை எட்டுப் பங்காக வகுத்து ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பங்கின் அளவு ஒரு வினாடியை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றில் பாதியைச் சற்றே கடந்தது. கணக்காகச் சொன்னால் 0.577 மில்லி வினாடி. எட்டுப் பங்கும் சேர்ந்த ஒரு சுற்று 4.615 மில்லி வினாடி. கண்ணை ஒருமுறை இமைத்துத் திறப்பதற்குள் இருபதுக்குக் குறையாத சுற்றுகள் கழிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கு வரும்போது கைபேசி விழித்து, கோபுரம் சொல்வதைக் கேட்கும். மூன்று பங்குப் பொழுது கழித்துத் தான் பேசும். எஞ்சிய பொழுதில் அண்டைக் கோபுரங்களின் வலிமையையும் அளந்து வைத்துக்கொள்ளும். நாம் இடைவிடாது பேசுவதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நம் பேச்சு 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் சுருக்கப்பட்டு, தன் முறை வரும்போது வெளியேறுகிறது. ஒரு துண்டைச் சுருக்கி முடிப்பதற்குள் அடுத்த துண்டு வந்து வாயிலில் நிற்கும். சுணங்கினால் சொல் சிதையும்.

"எனக்கு இது விளங்குவதற்கு வெகுநாள் பிடிக்கவில்லை ஐயா" என்றார் அவர். "எங்கள் ஊர் முறைத் தண்ணீர்தான் இது."

மாணவர்களே, மதுரைச் சீமையின் பாசனத்தை அறியாதவர்களுக்காக இதனைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். மேற்கு மலையில் 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையிலிருந்து வரும் நீர், மலையைக் குடைந்த வழியாகக் கீழிறங்கி வைகையிற் கலந்து, பேரணையில் கால்வாயாகப் பிரிந்து மேலூர்ப் பக்கத்து வயல்கள்வரை செல்கிறது. அப்பக்கம் பெரும்பாலும் ஒருபோக நிலம். மழை பொய்த்து நீர் குறைந்த ஆண்டுகளில், கால்வாயில் இத்தனை நாள் நீர், இத்தனை நாள் அடைப்பு என்று முறை வைத்துவிடுவார்கள். ஊருக்குள் வந்தபின் கண்மாய் மடையிலிருந்து இன்னார் வயலுக்கு இத்தனை மணி நேரம் என்று மீண்டும் ஒரு முறை உண்டு. அதனைக் கண்காணிப்பவர் நீர்க்கட்டி. இரவென்றும் பகலென்றும் பாராமல் மண்வெட்டியோடு வரப்பில் நடந்து, ஒரு வயலின் வாயை அடைத்து மற்றொன்றின் வாயைத் திறந்துவிடுவது அவர் தொழில். முறை வரும் வேளையில் வயலுக்கு உரியவர் அங்கே நிற்க வேண்டும். நில்லாவிடில் தண்ணீர் அடுத்தவருக்குப் போய்விடும். நெல் பால்பிடிக்கும் பருவத்தில் ஒருமுறை தவறினால் அவ்வயல் சாவியாகிவிடும். மறுநாள் போய் மன்றாடிப் பயன் என்ன?

"கைபேசிக்குள் இருக்கும் நிரல்தான் ஐயா நீர்க்கட்டி. உள்ளே பல வேலைகள் காத்து நிற்கின்றன. கோபுரத்தோடு பேசும் வேலை, ஒலியைச் சுருக்கும் வேலை, விசையை அமுக்கினால் எழுத்தைக் காட்டும் வேலை, மின்கலத்தின் அளவைப் பார்க்கும் வேலை, பாம்பு விளையாட்டு என்று எத்தனையோ! செய்யும் கை ஒன்று. எது முதலில், எது பின்னர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுத்திருக்கிறார்கள். உயர்ந்த வேலைக்கு வேளை வந்துவிட்டால், தாழ்ந்த வேலை எந்நிலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு இதனைக் கவனிப்பார் நீர்க்கட்டி. இது முடிந்தபின் அது விட்ட இடத்திலிருந்து தொடரும்."

"பாம்பு விளையாட்டுக்குக் கடைசி இடந்தானே?" என்றேன், பேரனை நினைத்து.

"கடைமடைக்கும் கடைமடை ஐயா."

தொலைவைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. மடையைத் திறந்தவுடன் கடைசி வயலுக்கு நீர் சென்று சேராது. வாய்க்கால் நனைந்து நிறைந்து ஓட நேரம் பிடிக்கும். ஆகவே கடைமடைக்காரருக்கு மடையைச் சற்று முன்னதாகவே திறந்தால்தான் அவர் பங்கு அவருக்குக் குறையாது கிடைக்கும். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்வது. எனினும் மில்லி வினாடியின் சிறு கூறுகளில் கணக்கிடும்போது அதற்கும் வழிச்செலவு உண்டு. கோபுரத்திற்குத் தொலைவில் உள்ள கைபேசி தன் முறைக்குச் சற்று முன்னரே பேசத் தொடங்க வேண்டும். அப்போதுதான் அதன் குரல் உரிய பங்கில் போய்ச் சேரும். எவ்வளவு முன்னர் என்பதைக் கோபுரமே அளந்து சொல்லும். ஏறத்தாழ 550 மீட்டருக்கு ஒரு படியாக 63 படிகள் உள்ளன. அவை தீர்ந்தால் எல்லை தீர்ந்தது. அது சுமார் 35 கிலோமீட்டர், மதுரையிலிருந்து மேலூரையும் கடந்த தொலைவு. ஒருவர் பங்கும் அடுத்தவர் பங்கும் உரசாதிருக்க இடையே வரப்புப் போன்ற ஒரு சிறு இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். அவ்வரப்பின் அகலம் ஒரு வினாடியைப் பத்து லட்சங் கூறாக்கினால் அவற்றுள் முப்பது.

பேசாத வேளையில் கைபேசி என்ன செய்கிறது? பெரும்பாலும் உறங்குகிறது. அரை வினாடிக்கு ஒருமுறையோ, இரண்டு வினாடிக்கு ஒருமுறையோ கோபுரம் வகுத்த கணக்குப்படி விழித்து, 'என்னை யாரேனும் அழைத்தனரா?' என்று செவி சாய்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். தலைச்சாமக் காவலரும் இவ்வளவு ஒழுங்காக விழித்தெழமாட்டார். சிறு மின்கலத்தைக்கொண்டு நாட்கணக்கில் உயிர் வாழும் மறை இதுவே. என் மகனுடைய பெரிய கைபேசி மாலைக்குள் பசித்துக் கிடப்பதை நான் நாள்தோறும் காண்கிறேன்.

இதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து காப்பி வந்தது. அதனைப் பருகிக்கொண்டே, "உயர்ந்த வேலைக்கே எப்போதும் முதலிடம் என்றால் சிக்கல் எதுவும் வாராதோ?" என்று கேட்டேன்.

"வரும் ஐயா. செவ்வாய்க் கோளிலேயே வந்தது. என் மகள் பொறியியல் கல்லூரியில் பயில்கிறாள். அவள்தான் எனக்குச் சொன்னாள்" என்றார்.

அவர் சொன்னதைப் பின்னர் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்குச் சென்று நானும் படித்தறிந்தேன். 2023ஆம் ஆண்டில் அந்நூலகம் திறக்கப்பெற்ற நாள்முதல் நான் அங்கே அடிக்கடி செல்பவன். இலக்கியப் பகுதியை விட்டு வேறு தளத்தில் ஏறியது அதுவே முதன்முறை.

அமெரிக்க நாட்டார் அனுப்பிய பாத்ஃபைண்டர் என்னும் கலம் 1997ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. அதற்குள்ளும் நிகழ்நேர இயங்குதளம் ஒன்றே ஆட்சி புரிந்தது. இறங்கிய சில நாட்களில், கலம் திடீர் திடீரெனத் தன் வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கலாயிற்று. காரணம் இது: கலத்தினுள் செய்திகள் செல்லும் பொதுவழியைக் கண்காணிக்கும் வேலை மிக உயர்ந்தது. வானிலைக் குறிப்புகளைத் திரட்டும் வேலை தாழ்ந்தது. இரண்டிற்கும் பொதுவான ஓர் இடத்தின் சாவி, ஒரு வேளையில் தாழ்ந்த வேலையின் கையில் இருந்தது. உயர்ந்த வேலை அச்சாவிக்காகக் காத்து நின்றது. தாழ்ந்தது தன் செயலை விரைந்து முடித்துச் சாவியைக் கொடுத்திருக்கும்; ஆனால் இடைத்தரமான வேலைகள் வந்து அதனை ஒதுக்கிவிட்டுத் தாங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆகத் தாழ்ந்தது முடிக்க இயலாமலும், உயர்ந்தது தொடங்க இயலாமலும் நிற்க, இடையில் உள்ளவை அரசாண்டன. கெடு தவறியதைக் கண்ட காவல் நிரல், ஏதோ பெருங்கேடு விளைந்ததென்று கருதி அனைத்தையும் நிறுத்தி மீளத் தொடங்கிற்று. பூமியில் இருந்த பொறியாளர்கள், தங்களிடம் இருந்த அதே போன்ற கருவியில் அக்குறையை மீண்டும் தோன்றச் செய்து காரணத்தைக் கண்டறிந்தனர். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தனர்.

அத்திருத்தம் என்ன? உயர்ந்தவன் ஒருவன் தனக்காகக் காத்து நிற்கும்வரை, சாவியை வைத்திருக்கும் தாழ்ந்தவனுக்கும் அவ்வுயர்ந்தவனுடைய முன்னுரிமையையே தற்காலிகமாக அளித்துவிடுவது. அவன் தடையின்றி முடித்துச் சாவியைக் கொடுத்தபின் தன் பழைய நிலைக்குத் திரும்புவான். இதனை முன்னுரிமை மரபுரிமை என்று மொழிபெயர்க்கலாம். இம்முறையை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டோர் மூவர். லூயி ஷா, ஜான் லெகோஸ்கி என்பாரோடு மூன்றாமவர் ரகுநாதன் ராஜ்குமார். கோயம்புத்தூர்ப் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1984இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, அங்கேயே பேராசிரியரானவர் அவர். கோவையில் பாடம் கேட்ட ஒருவருடைய எண்ணம் செவ்வாயில் கிடந்த கலத்தைக் காத்தது என்பதை அன்று மாலை பேரனிடம் சொன்னேன். அவன் முதன்முறையாக என் பழைய கைபேசியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

இத்தகைய இயங்குதளங்கள் பல உண்டு. நோக்கியா நிறுவனத்தார் தமக்கெனவே ஒன்றை எழுதி வைத்திருந்தனர். விலை குறைந்த வேறு பல கைபேசிகளில், தைவான் நாட்டு மீடியாடெக் நிறுவனத்தின் சில்லுகளோடு நியூக்ளியஸ் என்னும் இயங்குதளம் வந்தது. அதனை ஆக்கியவர்கள் இருந்த அமெரிக்க நகரத்தின் பெயரே மொபைல் என்பது ஒரு வேடிக்கை. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய கைபேசிச் சேவை குக்கிராமம்வரை பரவியது இத்தகைய எளிய கருவிகளாலேயே. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ஆம் ஆண்டில் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் மூடப்பெற்றது. ஆலை மூடினாலும் அவ்வியங்குதளங்களின் இனம் அழியவில்லை. இன்றைய அகன்ற திரைக் கைபேசிகளிலும், கோபுரத்தோடு பேசுவதற்கென்றே தனியொரு செயலி உள்ளே ஒதுங்கி இருக்கிறது; அதனை ஆள்வது நிகழ்நேர நிரலே. முன்கட்டில் படமும் பாட்டும் ஆரவாரிக்க, பின்கட்டில் பழைய நீர்க்கட்டி மண்வெட்டியோடு நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

இவற்றையெல்லாம் அவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், முறைத் தண்ணீர் என்னும் சொல் என் மனத்தில் ஏதோ ஒன்றைக் கிளறியவாறே இருந்தது. கைபேசியை மூடித் திருகுகளை முடுக்கிக்கொண்டே அவர் மேலும் ஒன்று சொன்னார்.

"கெடுவிலும் இரண்டு வகை உண்டு ஐயா. ஒன்று வன்கெடு. தவறினால் எல்லாம் போயிற்று. கோபுரத்துப் பங்கு அப்படிப்பட்டது. மற்றொன்று மென்கெடு. விசையை அமுக்கியபின் எழுத்து சற்றுத் தாமதமாக வந்தால் குடிமுழுகிவிடாது. பயன் குறையும், அவ்வளவுதான். எது வன்கெடு, எது மென்கெடு என்று பிரித்தறிவதில்தான் இந்நிரலை எழுதுவோருடைய திறமையே இருக்கிறது என்று மகள் சொல்வாள்."

அப்போதுதான் எனக்கு அவர் யார் என்பது தெரிந்தது.

1994ஆம் ஆண்டு மார்கழி மாதம். மேலூர்ப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பள்ளியில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அன்று தமிழ் முதல் தாள். தேர்வு தொடங்கி நாற்பது நிமிடங்களுக்குப் பின் ஒரு மாணவன் வாயிலில் வந்து நின்றான். முழங்கால்வரை சேறு, அரைக்காற்சட்டையின் ஓரம் நனைந்திருந்தது, தலை சீவப்படவில்லை. செய்யுட் பகுதியை என் வகுப்பில் அவனைப்போல் ஒப்பிப்பார் இலர். ஆனால் ஒரு குறை. வினாவை எழுப்பினால் உடனே சொல்லமாட்டான். சற்று நின்று, தனக்குள் அசை பிரித்துப் பார்த்து, அதன்பின்னரே வாய் திறப்பான். அதற்குள் நான் அடுத்தவனிடம் போய்விடுவேன். 'காலந்தாழ்ந்த விடை விடையன்று' என்பதை நான் மிகுதியும் சொன்னது அவனிடந்தான்.

அன்றும் அதனையே சொன்னேன். தேர்வறையில் இருந்த மற்ற மாணவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பு எனக்கு இனிமையாகவே இருந்தது என்பதையும் மறையாமல் எழுதுகிறேன். உள்ளே வர இசைவு தரவில்லை. அவன் ஏதும் சொல்லாமல் சிறிது நேரம் நின்றான். பின்னர்த் திரும்பி நடந்தான். சிமெண்டுத் தரையில் அவன் கால்தடம் சேறாகப் பதிந்திருந்தது. அதனைக் கழுவச் சொல்லி ஒரு பையனை அனுப்பியது நினைவிருக்கிறது. அவன் மதிப்பெண் பட்டியலில் தமிழ் முதல் தாளுக்கு நேரே சுழி இட்டேன். அவ்வாண்டு இறுதியோடு அவன் படிப்பு நின்றது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். நான் விசாரித்தேன் அல்லேன்.

காப்பிக் குவளை என் கையில் ஆறிப்போயிருந்தது. "தம்பி, அன்று அரையாண்டுத் தேர்வில்..." என்று தொடங்கினேன். மேலே சொல் எழவில்லை.

அவர் தலை நிமிராமலே சிரித்தார். "விடியற்காலை 4 மணி முதல் 7 மணிவரை எங்கள் வயலின் முறை ஐயா. அப்பாவுக்குக் காய்ச்சல். நாங்கள் கடைமடை. மேலே இருந்தவர் அடைக்கத் தாமதித்துவிட்டார். எங்களுக்குத் தண்ணீர் வந்து சேரவே ஆறரை ஆகிவிட்டது. நீர்க்கட்டி நல்ல மனிதர். இழந்த நேரத்தை ஈடு செய்து ஒன்பதரைவரை விட்டார். வாயை அடைத்துவிட்டு மூன்று மைலும் ஓடியே வந்தேன்."

"ஏன் அதனை அன்றே சொல்லவில்லை?"

"தாங்கள் கேட்கவில்லை ஐயா."

அதனை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "என் பிழை தம்பி" என்றேன். அவர் பதைத்து எழுந்து, "அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா" என்று என் கையைப் பற்றிக்கொண்டார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. சந்தின் முனையில் பேருந்து நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தனர்.

மின்கலத்தைப் பொருத்தி விசையை அமுக்கினார். சிறு திரையில் ஒளி வந்தது. தம்முடைய கைபேசியிலிருந்து என் எண்ணை அழைத்தார். என்னுடையது ஒலித்தது. எடுத்துச் செவியில் வைத்தேன். மூன்று முழத் தொலைவில் நின்று பேசுகிறவருடைய குரல், கோபுரத்திற்குச் சென்று திரும்பி, சற்றே பிந்தி என் காதில் விழுந்தது.

"கேட்கிறதா ஐயா?"

"நன்றாகக் கேட்கிறது" என்றேன். பின்னர், முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வாயிலில் நின்று கேட்டிருக்க வேண்டியதை, அக்கைபேசியிலேயே கேட்டேன். "அவ்வாண்டு நெல் விளைந்ததா தம்பி?"

"விளைந்தது ஐயா. கடைசி இரண்டு வயல்களுக்கு மட்டும் தண்ணீர் எட்டவில்லை. மற்றவற்றில் பதினெட்டு மூட்டை கண்டது."